சேலம் பக்கம்

வெளிநாட்டில் தமிழனைத் தமிழன் முதன்முதலாகப் பார்த்தால் பேரைக்கூட அப்புறம்தான் கேட்பான். முதலில் "தமிழா?", உடனே "எந்த ஊரு?" தஞ்சாவூர்க்காரன் தஞ்சாவூர் என்கிறான். ராமநாதபுரத்துக்காரன் மாவட்டத்தைச் சொல்லி முடிப்பதற்குள் இன்னொரு ராமநாதபுரத்துக்காரன் கட்டிலை விட்டு எழுந்து வந்துவிடுவான். கள்ளக்குறிச்சிக்காரன் மட்டும் கொஞ்சம் யோசிப்பான். அப்புறம் "சேலம் பக்கம்" என்பான். சங்கராபுரத்துக்காரனாக இருந்தால் "திருவண்ணாமலை பக்கம்". உளுந்தூர்பேட்டைக்காரனுக்கு அந்தக் கவலை இல்லை, டோல்கேட்டை எல்லோருக்கும் தெரியும்.

கள்ளக்குறிச்சியை விழுப்புரத்தில் இருந்து பிரித்து 2019 நவம்பர் 26 அன்று தனி மாவட்டம் ஆக்கினார்கள். அப்போதும் வெளியே பேர் எடுபடவில்லை. பேர் பரவியது வேறு வழியில். 2022 ஜூலையில் கனியாமூர் பள்ளி மாணவியின் சாவும் அதைத் தொடர்ந்த தீவைப்பும். 2024 ஜூனில் கருணாபுரத்துக் கள்ளச்சாராயம். மெத்தனால் கலந்த சாராயத்தில் 60 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். அதற்கு ஒரு வாரம் முன்னால்தான், ஜூன் 12 அன்று, குவைத்தின் மங்காஃபில் தொழிலாளர்கள் தங்கியிருந்த கட்டடம் எரிந்து இந்தியர்கள் மட்டும் 45 பேர் மாண்டிருந்தார்கள். அதில் 7 பேர் தமிழர்கள். ஒரு வாரம் இங்கிருந்து வளைகுடாவுக்குப் போன் போனது: "நீ தங்கியிருக்கிற பில்டிங் எப்படிப்பா, வெளியே வர வழி இருக்கா?" மறுவாரம் அங்கிருந்து இங்கே வந்தது: "நம்ம தெருவுல யாருக்காச்சும் ஒண்ணா?"

தம்மாமில் வேலை பார்க்கும் என் சித்தி மகன் சொன்னான்: "இத்தினி வருசமா சேலம் பக்கம்னு சொல்லிக்கிட்டிருந்தேன் அண்ணே. அந்த வாரம் எங்க ரூம் கேரளாக்காரன், உச்சரிப்பு மாறாம, கள்ளக்குறிச்சின்னு சொல்றான்." சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனால் அந்த ஒரு வாரமும் யார் எந்த ஊர் என்று கேட்டாலும் மறுபடி சேலம் பக்கம் என்றே சொல்லியிருக்கிறான்.

ஊர்ப் பேரைச் சொல்ல முடியாத தயக்கத்தில் இருந்து இதைத் தொடங்கக் காரணம் இருக்கிறது. அயல்நாட்டுத் தனிமையைப் பற்றி நாம் பேசும்போதெல்லாம் அதை ஒருவனின் மனவலிமைக் கணக்காகவே பேசுகிறோம். திடமானவன் தாங்குவான், இளகினவன் திரும்பி வருவான் என்று. அப்படிப் பேசுவது நமக்கு வசதியாகவும் இருக்கிறது. என் எண்ணம் வேறு. தனிமையைத் தாங்குவதற்கான ஏற்பாடுகளைச் சில ஊர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவைத்திருந்தன. நம் ஊர் செய்யவில்லை. கள்ளக்குறிச்சிப் பையன் ஏஜென்ட் கொடுத்த காகிதத்தை மட்டும் வைத்துக்கொண்டு விமானம் ஏறுகிறான்.

செட்டிநாட்டுக்காரர்களைப் பாருங்கள். சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில் அவர்களுக்குக் கிட்டங்கிகள் இருந்தன. நீண்ட கூடம், தரையில் வரிசையாக ஆளுக்கொரு பெட்டி, பெட்டிக்கு முன்னால் பாய். பகலில் அந்த இடமே கடை, இரவில் அதுவே படுக்கை. எல்லோருக்கும் பொதுவாக ஒரு சமையல்காரர், ஊர்ச் சமையல். மூன்று வருடக் கணக்கு முடிந்தால் ஊருக்குத் திரும்பலாம் என்பது போகும்போதே தெரியும். 1859-லேயே டேங்க் ரோட்டில் தெண்டாயுதபாணி கோயிலைக் கட்டிவிட்டார்கள். பதினெட்டு வயதில் எடுபிடியாகக் கப்பலேறிய பையனுக்கு அங்கே போனதும் மிரட்ட ஒரு பெரியவர், சோறு போட ஒருவர், கும்பிட ஒரு முருகன், திரும்பும் தேதி ஒன்று. அவனுக்கும் அழுகை வந்திருக்கும். பெண்டாட்டியை அந்தப் பெரிய வீட்டில் விட்டுவிட்டுத்தானே போனான். ஆனால் அழுதால் யாரோ ஒருவர் கவனிக்கும் தூரத்தில் அவன் படுத்திருந்தான்.

கடற்கரை முஸ்லிம் ஊர்களும் இதே மாதிரிதான். கடல் தாண்டிப் போவதைச் 'சபர்' என்றும், போனவரைச் 'சபராளி' என்றும் சொல்லும் அளவுக்கு அங்கே அது வாழ்க்கையின் ஒரு பருவம். காயல்பட்டினத்துக்காரர்களுக்கு ரியாத்தில் ஊர் மன்றம் இருக்கிறது, ஹாங்காங்கில் இருக்கிறது. வந்து இறங்கும் பையனின் வாப்பா யார், மாமா யார் என்று அங்கே யாருக்காவது தெரியும்.

பழைய தென்னாற்காடு ஜில்லாவில் இருந்தும் ஆட்கள் போகாமல் இல்லை. 1860 நவம்பரில் சென்னையில் இருந்து டர்பன் போய்ச் சேர்ந்த 'ட்ரூரோ' கப்பலுக்குப் பிறகு, நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலியாகப் போனவர்களில் வடாற்காடு, தென்னாற்காடு ஜில்லாக்காரர்கள் ஏராளம். மலாயாவுக்குக் கங்காணி கூட்டிக்கொண்டு போனான். கங்காணி முறையை நான் புகழவில்லை. முன்பணம் கொடுத்து ஆளைக் கடனில் கட்டிப்போட்ட ஏற்பாடு அது. ஆனாலும் ஒரு விசித்திரம் இருக்கிறது. கங்காணி தன் சொந்த ஊரிலேயே, சொந்தச் சாதியிலேயே ஆள் பிடித்தான். அதனால் நாகப்பட்டினத்தில் கப்பலேறிய கூட்டம் பினாங்கில் இறங்கும்போதும் ஒரு தெருவாகவே இறங்கியது. லயத்தில் பக்கத்துக் கதவு மச்சான் வீடு. தோட்டத்துக்குத் தோட்டம் மாரியம்மன் வந்தாள். கூலிகளை அனுப்புவதை 1938-ல் இந்திய அரசு தடுத்தது. அடிமைத்தனம் மிகுந்திருந்த அந்தக் காலத்தில் இருந்த பக்கத்துக் கதவு மச்சான், பாஸ்போர்ட்டும் சம்பளமும் ஒப்பந்தமும் இருக்கிற இந்தக் காலத்தில் இல்லை. இதை எந்தப் பக்கம் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

பண்பாட்டு அதிர்ச்சி என்று ஒன்றை மானுடவியலில் பேசுகிறார்கள். காலெர்வோ ஓபெர்க் என்ற கனடா நாட்டு மானுடவியலாளர் 1954-ல் ரியோ டி ஜெனிரோவில் ஒரு மகளிர் மன்றத்தில் இதைப் பற்றிப் பேசினார். 1960-ல் அது கட்டுரையாக வந்தது. முதலில் தேன்நிலவு மாதிரி ஒரு மயக்கம், அடுத்து நெருக்கடி, பிறகு தேறுதல், கடைசியில் இசைந்துபோதல் என்று படிப்படியாகச் சொல்வார்கள். அயல்நாட்டில் வீடு எடுத்துத் தங்கி, உள்ளூர்ச் சந்தையில் காய் வாங்கி, உள்ளூர்க்காரர்களோடு உரசி வாழ்கிறவர்களுக்கு அது பொருந்தும். கணினி வேலைக்குப் போனவர்களுக்கும் பொருந்தலாம். தியாகதுருகத்தில் இருந்து சவுதிக்குக் கம்பி கட்டப் போனவனுக்கு அந்தத் தேன்நிலவு எங்கே வந்தது? விமான நிலையத்தில் இருந்து வேன் நேராகக் கேம்ப்புக்குப் போகிறது. மறுநாள் மெடிக்கல். அதற்கு மறுநாள் சைட். அரபுக்காரரை அவன் சூப்பர் மார்க்கெட் கல்லாவுக்கு அந்தப் பக்கம்கூடப் பார்ப்பதில்லை, அங்கேயும் மலையாளிதான். அரபு மொழி தெரியாமல் பத்து வருடம் ஓட்டிவிடலாம். இந்தி தெரியாமல் பத்து நாள் ஓட்ட முடியாது. ஃபோர்மேன் இந்தி பேசுகிறார், டிரைவர் இந்தி பேசுகிறார், நேபாளியும் வங்காளியும் இந்தி பேசுகிறார்கள். அவன் மோதிய அயல் பண்பாடு அரேபியா அல்ல. பத்துக்குப் பன்னிரண்டு அறையில் அடுக்குக் கட்டில் போட்ட இந்தியா.

ஆகவே கையேடுகள் தரும் ஆலோசனையும் அவனுக்கு உதவாது. உள்ளூர் நண்பர்களைத் தேடுங்கள், மன்றங்களில் சேருங்கள், நகரத்தைச் சுற்றிப் பாருங்கள் என்கிறார்கள். நகரம் கேம்ப்பில் இருந்து நாற்பது கிலோமீட்டரில் இருக்கிறது, பஸ் கிடையாது. இருக்கிற ஒரு விடுமுறை நாள் துணி துவைக்க, ஒருவருக்கொருவர் முடி வெட்டிவிட, தூங்கச் சரியாகப் போகிறது.

பத்தாவது தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் குடிபெயர்வு அனுமதி தேவை என்ற குறிப்பு இருக்கும். வளைகுடா உள்ளிட்ட 18 நாடுகளுக்குப் போக அவர்கள் அந்த அனுமதியை வாங்கவேண்டும். 1983-ம் வருடச் சட்டம். புறப்படும் முன் ஒரு நாள் பயிற்சியும் உண்டு. எந்த விசாவில் போகலாம், பாஸ்போர்ட் நகலை எங்கே வைப்பது, சம்பளம் வராவிட்டால் தூதரகத்தை எப்படி அணுகுவது எல்லாம் சொல்கிறார்கள். நல்ல காரியம், போகிறவர்கள் தவறாமல் போய்க் கேட்கவேண்டும். ஜனவரி 12-ஐ அயலகத் தமிழர் தினமாகக் கொண்டாடுகிற தமிழக அரசு அதற்கென ஆணையரகமும் நல வாரியமும் வைத்திருக்கிறது. பிணம் வருவதற்கும் சம்பளப் பாக்கிக்கும் முறையிட இடம் உண்டு என்பது சின்ன விஷயமில்லை. நான் சொல்வது அதற்கு முந்தைய கட்டத்தைப் பற்றி. சம்பளம் ஒழுங்காக வருகிறது, உடம்பில் காயம் இல்லை, புகார் சொல்ல ஒன்றுமில்லை, ஆனாலும் ராத்திரி தூக்கம் வரவில்லை என்கிறவனைப் பற்றி.

அவன் அதை மனசு என்று சொல்லமாட்டான். வயிறு என்பான். "கேஸ் பிடிச்சிக்கிது", "நெஞ்சு கரிக்குது", "இங்கத்திய தண்ணி ஒத்துக்கல". கேம்ப் கிளினிக்கில் கொடுக்கும் மாத்திரையும் வயிற்றுக்குத்தான். பென்யாமினின் 'ஆடுஜீவிதம்' 2008-ல் மலையாளத்தில் வந்தது, 2024-ல் சினிமாவும் ஆனது. பாலைவனத்து ஆட்டுப் பட்டியில் மனித வாசனையே இல்லாமல் மாட்டிக்கொண்டவனின் கதை. படத்தைப் பார்த்த பிறகு ஊரில் எல்லோரும் வளைகுடாக்காரனிடம், "அந்த மாதிரி இல்லல்ல?" என்று கேட்டார்கள். இல்லை என்றான். அதோடு பேச்சு முடிந்தது. அந்தக் கொடுமை அத்தனை பெரிதாகத் திரையில் நின்றதால், எட்டுப் பேர் படுத்திருக்கும் அறையில் ஒருவன் தனியாக இருக்கமுடியும் என்பதைச் சொல்ல அவனுக்கு வாயில்லாமல் போயிற்று.

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே கல்வராயன்மலை. கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைத் தாண்டி, பஸ் வளைந்து வளைந்து ஏறினால் கரியாலூர், அப்புறம் வெள்ளிமலை. கடுக்காய், தேன், சாமை, தினை, இப்போது எங்கும் மரவள்ளி. மலையில் வாழும் பழங்குடிகளுக்குச் சாதிச் சான்றிதழில் மலையாளி என்று பேர். அதை வைத்துக்கொண்டு வளைகுடா போனால் என்ன ஆகும் என்று நீங்களே நினைத்துப்பாருங்கள். போன ஒரு பையனிடம் கேரளாக்காரர்கள் ஏதேதோ கேட்க, அவன் முழிக்க, கடைசியில் அவனும் சேலம் பக்கம் ஆகிவிட்டான். ஆனால் மலையில் இருந்து கடல் தாண்டிப் போனவர்கள் குறைவு. அவர்களின் அயல்நாடு மலையடிவாரத்திலேயே தொடங்கிவிடுகிறது. சடைய கவுண்டன், குறும்ப கவுண்டன், ஆரிய கவுண்டன் என்று மூன்று ஜாகீர்களின் ஆளுகையில் இருந்த மலை, 1976-ல்தான் ஜாகீர் ஒழிந்து நேராக அரசாங்கத்தின் கீழ் வந்தது. இந்தியா சுதந்திரம் அடைந்து 29 வருடம் கழித்து. பள்ளிக்கூடம், ரோடு, ஆஸ்பத்திரி எல்லாம் அந்தத் தாமதத்தோடுதான் ஏறி வந்தன.

மிளகு பறிக்கவும் காபிப் பழம் பறிக்கவும் குடகுக்குப் போகிறார்கள். கேரளாவுக்குப் போகிறார்கள், திருப்பூருக்குப் போகிறார்கள், போர்வெல் வண்டியில் ஏறி வட மாநிலம் எல்லாம் சுற்றுகிறார்கள். செம்மரம் வெட்ட ஆள் பிடிக்கும் தரகர்களிடம் சிக்கி ஆந்திரக் காட்டுக்குப் போனவர்களின் கதை தனி. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் 20 பேரை ஆந்திரப் போலீஸ் சுட்டுக் கொன்றது. ஜவ்வாது மலை, சித்தேரி மலைக்காரர்கள் பெரும்பாலும். 2018 பிப்ரவரியில் கடப்பா மாவட்டம் ஒண்டிமிட்டா ஏரியில் ஐந்து உடல்கள் மிதந்தன. அவர்கள் இந்தக் கல்வராயன்மலையின் சேலம் பக்கத்துக்காரர்கள், கருமந்துறை வட்டாரம். இங்கே சேலம் பக்கம் என்று எழுதும்போது எனக்குக் கை கூசுகிறது. சொந்த மாநிலத்து எல்லையைத் தாண்டி இருநூறு, முந்நூறு கிலோமீட்டர் போனவர்களுக்கு நேர்ந்தது அது.

குடகுக்குப் போகும் மலைக்காரர்களிடம் ஒரு வித்தியாசம் கவனித்தேன். அவர்கள் தனி ஆளாகப் போவது அபூர்வம். புருஷன், பெண்டாட்டி, கைக்குழந்தை, கோழிக்கூடை, சாமை மூட்டை என்று வீட்டையே தூக்கிக்கொண்டு வேன் ஏறுகிறார்கள். எஸ்டேட் லைன் வீட்டில் பக்கத்தில் இருப்பவரும் அதே ஊர். கன்னடம் தெரியாது, குளிர் வேறு, மேஸ்திரி பேசும் கூலி ஒன்று கொடுக்கும் கூலி ஒன்று. இருந்தும் தனிமை என்ற புகாரை அவர்கள் வாயில் நான் கேட்டதில்லை. கேட்டது வேறு புகார்: பிள்ளை பள்ளிக்கூடம் நின்றுபோச்சு. மூன்று மாதம் கழித்துத் திரும்பி வரும் பையன் வகுப்பில் வாத்தியார் சொல்வது புரியாமல் உட்கார்ந்திருக்கிறான். அடுத்த வருடம் வருவதே இல்லை. தாத்தா பாட்டியிடம் விட்டுவிட்டுப் போனாலும், உண்டு உறைவிடப் பள்ளியில் சேர்த்தாலும், அந்தப் பிள்ளைக்குத்தான் அப்பன் ஆத்தா இல்லாத மாதங்கள்.

கீழே, சவுதிக்காரன் வீட்டில் பிள்ளைகள் இங்கிலீஷ் மீடியம் போகின்றன, வேன் வாசலுக்கு வருகிறது. அப்பா போன் திரையில் இருக்கிறார். மலையில் குடும்பத்தைக் காப்பாற்றிப் படிப்பை இழக்கிறார்கள், சமவெளியில் படிப்பைக் காப்பாற்றி அப்பாவை இழக்கிறார்கள். இரண்டில் எது மேல் என்று தராசு பிடிக்க நான் யார். ஆனால் தனிமை இல்லாமல் வேலைக்குப் போக வழியே கிடையாது என்று யாரும் சொல்லவேண்டாம். வழி இருக்கிறது, அதற்கும் விலை இருக்கிறது.

மலையாளிகளின் பூர்வ கதையே ஒரு புலம்பெயர்வுதான். காஞ்சிபுரத்தில் இருந்து அண்ணன் தம்பி மூன்று பேர் புறப்பட்டு வந்து, பெரியண்ணன் ஒரு மலைக்கும் நடுவண்ணன் ஒரு மலைக்கும் சின்னண்ணன் ஒரு மலைக்குமாகப் பிரிந்து குடியேறினார்கள் என்பார்கள். யார் எந்த மலை என்பதில் ஊருக்கு ஊர் கதை மாறும். கரியராமர் கூடவே வந்தார் என்றும் உண்டு. இது நடந்ததா என்று ஆராய்வது வரலாற்றுக்காரர் பாடு. கதை எதை நினைவில் வைத்திருக்கிறது என்பதுதான் எனக்கு முக்கியம். ஏன் புறப்பட்டார்கள் என்பது குழப்பமாக இருக்கிறது, வழியில் பட்ட கஷ்டமும் அதிகம் இல்லை. அண்ணன் எங்கே இருக்கிறான், தம்பி எங்கே இருக்கிறான் என்பது மட்டும் அழியாமல் இருக்கிறது. கல்வராயன்மலையில் இருப்பவனுக்குக் கொல்லிமலையிலும் பச்சைமலையிலும் பங்காளி இருக்கிறான் என்று சொல்லிக்கொடுக்கும் கதை. காயல்பட்டினத்துக்காரரின் மன்றம் செய்யும் வேலையை இந்தக் கதை மன்றமே இல்லாமல் செய்துகொண்டிருந்தது.

சவுதிக்காரனின் கைப்பேசியில் இருநூறு பேர் இருக்கிறார்கள். கைப்பேசி வந்துவிட்டதால் தனிமை தீர்ந்தது என்று நினைக்கிறவர்கள் அதில் தினமும் பேசிப் பார்த்ததில்லை. எண்பதுகளில் போனவர்கள் கேசட் அனுப்பினார்கள். லீவில் வருகிறவர் கையில் வீட்டுக்கொரு கேசட் வரும். ஒரு பக்கம் முழுக்க ஆத்தா பேசுவாள், நடுவில் சேவல் கூவும், குழந்தை பாடம் ஒப்பிக்கும், யாரோ வாசலில் வந்து மோர் கேட்பது பதிவாகும். பதில் கேசட் போக ஒரு மாதம். அதில் பொய் சொல்லவும் நேரம் இருந்தது, மெய் சொல்லவும் நேரம் இருந்தது. இப்போது வாட்ஸ்அப் எடுக்காத இடத்தில் ஐஎம்ஓ. ராத்திரி எட்டரைக்கு அவன் முகம் கழுவி, தலை சீவி, எதிரில் இருப்பவனின் ஜட்டி காயும் கயிறு தெரியாத மூலையாகப் பார்த்து உட்கார்ந்து அழைக்கிறான். இங்கே பதினொன்று ஆகிறது. பெண்டாட்டி பேச, பக்கத்தில் மாமியார் காதைக் கொடுத்துக்கொண்டிருக்க, பிள்ளை தூக்கத்தில் சிணுங்க, "சாப்டியா", "சாப்டேன்", "நீ", "சாப்டேன்", "பணம் வந்துச்சா". சிக்னல் போகிறது. அவனுடைய கவலை அவளுக்குத் தெரியக்கூடாது, அவளுடைய கவலை அவனுக்குத் தெரியக்கூடாது. தினமும் ஒரு முறை இரண்டு பேரும் நன்றாக இருப்பதாக நடித்துக் காட்டவேண்டும். ஐஎம்ஓவை நான் குறை சொல்லவில்லை. பிள்ளையின் முதல் நடையை அதில்தான் பார்த்தான். ஆனால் அந்த நடிப்பு ஒரு கூடுதல் வேலை, அதற்கு ஓவர்டைம் கிடையாது.

அவளுடைய தனிமையைப் பற்றி எழுத ஒரு பெண்தான் வேண்டும். நான் பார்த்த அளவில், புருஷன் வெளிநாட்டில் இருக்கிற பெண் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் யாரோடாவது சிரித்துப் பேசினால் அன்று சாயங்காலமே அது தம்மாமுக்குத் தெரிந்துவிடுகிறது. அவளுக்குக் காய்ச்சல் என்பது போய்ச்சேர மூன்று நாள் ஆகிறது. மனசு தாங்காதபோது பேசுவதற்கு 14416 என்ற இலவச எண் 2022 அக்டோபரில் இருந்து நாடு முழுக்க இருக்கிறது. மாமியார் பக்கத்தில் இல்லாத நேரத்தில் பேசலாம்.

லீவு இன்னொரு கூத்து. இரண்டு வருடத்துக்கு இரண்டு மாதம். வந்த முதல் வாரம் வீடு நிறையச் சனம், தைலம், பேரீச்சம்பழம், கம்பளி. இரண்டாம் வாரம் கோயில், காது குத்து, கடன் கேட்க வருகிறவர்கள். மூன்றாம் வாரத்தில் ஆரம்பிக்கும்: "எப்ப கிளம்புற?" கேட்கிறவர்கள் கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை, வேறு என்ன பேசுவது என்று தெரியாமல் கேட்கிறார்கள். நெல் என்ன விலை, ரைஸ்மில்லில் என்ன கூலி, மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையில் கரும்புப் பாக்கி வந்ததா என்று பேசிக்கொண்டிருக்கிற டீக்கடை பெஞ்சில் அவன் வந்து உட்கார்ந்ததும் பேச்சு திசை மாறி ரியாலுக்கு எவ்வளவு என்று ஆகிவிடுகிறது. சொந்த ஊரில் வைத்தே அவனிடம் எந்த ஊர் என்று கேட்காத குறை. அங்கே போய்ச் சேர்ந்த அன்றைக்கு வந்ததைவிட, இங்கே இருந்து இரண்டாம் முறை கிளம்பும்போதுதான் அதிர்ச்சி வருகிறது என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

சிங்கப்பூர் போனவர்களுக்குத் தேக்கா இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் ரோட்டில் புல்லில் உட்கார்ந்து பொட்டலம் பிரித்துச் சாப்பிடலாம், 1935-ல் இருந்து வருகிற தமிழ் முரசைப் புரட்டலாம், வானொலியில் தமிழ் கேட்கலாம். அது எத்தனை பெரிய ஆறுதல் என்பது 2020-ல் தெரிந்தது. கொரோனாவில் டார்மிட்டரிகளை அடைத்தபோது 3 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் மாதக்கணக்கில் உள்ளேயே இருந்தார்கள். சாப்பாடு வந்தது, சம்பளமும் பலருக்கு வந்தது, ஞாயிற்றுக்கிழமை வரவில்லை. அந்த நாட்களில் மனநல ஆலோசனைக்காக ஹெல்த்சர்வ் போன்ற தொண்டு அமைப்புகள் தொழிலாளர்களின் மொழியில் பேச ஆள் வைத்தன. சிங்கப்பூர் அரசாங்கம் மோசம், நல்லது என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. ஒருவன் மனிதனாக இருக்க வாரத்தில் ஒரு நாள் புல்தரை தேவைப்படுகிறது, அவ்வளவுதான்.

வளைகுடாவில் தேக்கா இல்லாதவர்களுக்கு அறைதான் எல்லாம். அந்த அறையை நடத்துவது சமையல் முறை. எட்டுப் பேர் என்றால் இரண்டிரண்டு பேராக நாலு முறை. சிலிண்டரும் அரிசியும் பொதுக்கணக்கு, மாசக் கடைசியில் நோட்டில் பிரித்துக்கொள்வார்கள். வெளியில் குப்பூஸ் மலிவு, மெஸ் சாப்பாடும் கிடைக்கும். கணக்குப் பார்த்தால் சமைப்பதில் மிச்சம் ஒன்றும் பெரிதாக இல்லை. இருந்தும் சமைக்கிறார்கள். பன்னிரண்டு மணி நேர வேலை முடிந்து வந்து, வியர்வை நாறும் சட்டையோடு வெங்காயம் அரிகிறார்கள். சித்தி மகன் ஊரில் இருந்தவரைக்கும் அடுப்பங்கரைப் பக்கம் போனதில்லை. இப்போது புளிக்குழம்புக்குச் சுண்டைக்காய் வத்தல் கேட்டு ஆள் சொல்லி அனுப்புகிறான். அவன் முறையன்று உப்பு கூடினால் ஏழு பேர் திட்டுகிறார்கள். நேபாளி காரம் என்கிறான், திருநெல்வேலிக்காரர் காரம் போதாது என்கிறார். காய்ச்சலில் படுத்தவனுக்குக் கஞ்சி தனியாக வைக்கவேண்டும். நாட்டில் அவனைத் தேடுவது பணத்துக்காக, சைட்டில் அவனைத் தேடுவது கம்பிக்காக. ராத்திரி ஒன்பது மணிக்கு மட்டும், இன்னும் சோறு ஆகலையா என்று ஏழு பேர் அவனைத் தேடுகிறார்கள்.

அவன் சொன்ன ஒரு வழக்கைச் சொல்கிறேன். புதிதாக வருகிற பையனுக்கு முதல் மாதம் சமையல் முறை கிடையாது என்று அவர்கள் அறையில் வழக்கம். பாவம், புதுசு, அழுதுகொண்டிருப்பான், உட்காரட்டும் என்ற இரக்கம்தான். போன வருடம் சின்னசேலத்துப் பையன் ஒருவன் வந்தான். பதினெட்டு நாள் எல்லோரும் அவனுக்குத் தட்டில் போட்டுக் கொடுத்தார்கள். அவனும் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டுவிட்டுப் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். பத்தொன்பதாம் நாள் முறைக்காரன் ஒருவனுக்கு நைட் ஷிஃப்ட் மாறியது. சித்தி மகன் பையனை எழுப்பி, "டேய் தம்பி, அரிசி களைஞ்சு வை" என்றிருக்கிறான். பையன் களைந்த அரிசி குழைந்து களியாகிவிட்டது. திருநெல்வேலிக்காரர் அவனை வாய்க்கு வந்தபடி திட்டினார். பையன் பதிலுக்கு, எங்க ஊரு அரிசி இத்தனை தண்ணி கேக்கும், இந்த அரிசி கேக்கலைன்னா நான் என்ன செய்ய என்று கத்தினான். வந்து சேர்ந்ததில் இருந்து அவன் பேசிய முதல் நீளமான வாக்கியம் அதுதானாம். அடுத்த நாள் தண்ணி அளவு கேட்டு அவனாகவே வந்து நின்றான்.

இப்போது அந்த அறையில் பஞ்சாயத்து நடக்கிறது. முதல் நாளே முறை கொடுத்துவிடவேண்டும் என்கிறான் சித்தி மகன். புதுசாக வந்தவனை வேலை வாங்குவது பாவம், ஒரு வாரமாவது விடுங்கள் என்கிறார் திருநெல்வேலிக்காரர். அடுத்த ஆள் ஆடி கழிந்து வருகிறானாம், தியாகதுருகம். ஊரைச் சரியாகச் சொல்லிக்கொடுத்து அனுப்பு அண்ணே என்றான் என்னிடம், சேலம் பக்கம்னு சொல்லவேணாம், இங்க இப்ப நாங்க மூணு பேர் இருக்கோம்.